படிக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்

முன்பெல்லாம் ஊரிலிருந்து மும்பைக்குக் குடிவந்தவர்களின் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் ஒரு போட்டோ ஆல்பம் இருக்கும். கல்யாணப் படம், தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம், பிள்ளைகளின் முதல் பிறந்த நாள் என்று குடும்பத்தின் சரித்திரமே அதில் அடங்கியிருக்கும். மழைக்கால ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், ஓரம் பழுக்கும். ஆனால் அந்த அழிவு நம் கண்ணெதிரே மெதுவாக நடக்கும். இன்று அந்த ஆல்பத்தின் இடத்தை உள்ளங்கையளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி பிடித்துக்கொண்டுள்ளது. கம்ப்யூட்டருக்கு வெளியே யுஎஸ்பி கேபிளால் இணைக்கப்படும் ஹார்ட் டிஸ்க்தான் அது. நேற்று வரை நன்றாக இருந்த அந்தப் பெட்டி ஒருநாள் திடீரென்று, 'இந்த டிஸ்கைப் பயன்படுத்துமுன் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று திரையில் கேட்கும். அல்லது எதுவுமே கேட்காமல் ஊமையாகிவிடும்.

அப்படி ஊமையான பெட்டிகளைப் பல ஆண்டுகளாக நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்து வருகிறார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து நான் அறிந்துகொண்டதை இங்கே பாடம் போல எழுதுகிறேன். இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கருத்து ஒன்றே: 'படிக்க முடியவில்லை' என்பதும் 'அழிந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான பெட்டிகளில், கோளாறு தெரிந்த அந்த நிமிடத்தில் பைல்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களே அவற்றை அழிக்கின்றன. 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியை இந்தப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை ஐபிஎம் நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, சுமார் 50 லட்சம் எழுத்துகளை அதில் சேமித்தார்கள். அது ஓர் அலமாரியை விடப் பெரியது. இன்று நம் பையில் இருக்கும் பெட்டியிலும் அடிப்படை அமைப்பு அதேதான். காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. கையடக்க வகைகளில் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று. தட்டின் மேலே ஒரு மெல்லிய கையின் நுனியில் 'ஹெட்' எனப்படும் தலை இருந்துகொண்டு காந்தக் குறிகளைப் படிக்கிறது, எழுதுகிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசிகூட அதற்குப் பெரிய பாறாங்கல். இதனால்தான், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தால் அவ்வளவு ஆபத்து.

இவற்றோடு ஒரு மின்சுற்றுப் பலகையும், யுஎஸ்பி கேபிள் செருகும் வாயும் உண்டு.

இனி பைல்கள் வைக்கப்படும் முறை. நம் சங்க நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரிகளில் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் என்று எழுதிவைத்த அட்டவணைப் பேரேடு தனியே இருக்கிறது. டிஸ்கிலும் அப்படித்தான். படங்களும் பாட்டுகளும் ஓரிடத்தில். அவை எங்கே உள்ளன என்று சொல்லும் அட்டவணை வேறிடத்தில். இந்த அட்டவணை எழுதும் முறைகளுக்குத்தான் என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற பெயர்கள்.

நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைக்காமல் போக நான்கு காரணங்கள் இருக்கலாம். கதவு பூட்டியிருக்கலாம். பேரேடு கிழிந்திருக்கலாம். சில அலமாரிகளைக் கரையான் அரித்திருக்கலாம். நூலகருக்கே கை முறிந்திருக்கலாம். டிஸ்கிலும் இதே நான்குதான்: முதலாவது கேபிள், மின்சாரக் கோளாறு, இரண்டாவது அட்டவணைக் கோளாறு, மூன்றாவது தட்டின் சில பகுதிகள் கெட்டுப்போவது, நான்காவது தலை அல்லது மோட்டார் பழுது. இந்த நான்கில் எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் முதல் வேலை. கதவு பூட்டியிருப்பதற்காக யாரும் நூலகத்தை இடித்துக் கட்டுவதில்லை அல்லவா?

முதலில் காதால் கேளுங்கள்

டிஸ்கைச் செருகியதும் காதருகே வைத்துக் கேளுங்கள். லேசான சுழலும் ஓசையும் அவ்வப்போது மெல்லிய கரகரப்பும் இயல்பானவை. சீரான இடைவெளியில் 'டிக்... டிக்... டிக்' என்று தட்டுவது போன்ற சத்தம் வந்தால், தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். உலோகத்தைச் சுரண்டுவது போன்ற சத்தம் அதைவிட மோசமானது. இந்த இரண்டில் எது கேட்டாலும் உடனே கேபிளை எடுத்துவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாமே' என்று மறுபடி செருகுவது, முறிந்த கையால் மூட்டை தூக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். தட்டின் பூச்சு ஒருமுறை உரிந்துவிட்டால், அந்த இடத்தில் இருந்ததை உலகில் எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

'பீப்' என்ற மெல்லிய ஒலி மட்டும் வந்து தட்டு சுழலாவிட்டால், போதிய மின்சாரம் கிடைக்கவில்லை அல்லது தலை தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையில் கேபிளையும் போர்ட்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே ஒலி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேபிளும் மின்சாரமும்

சத்தம் இயல்பாக இருந்தால் அடுத்தபடியாகக் கேபிளைச் சந்தேகியுங்கள். என்னிடம் வரும் பெட்டிகளில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே குணமாகித் திரும்பியிருக்கின்றன. கையடக்க டிஸ்குகளின் அகலமான தட்டை முனைக் கேபிள், பையில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோவது சர்வ சாதாரணம். வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். டைப் சி முனையுள்ள டிஸ்க் என்றால், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கேபிளை நம்ப வேண்டாம். சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டுமே இருக்கும். தகவல் செல்லும் கம்பி இருக்காது.

அடுத்தது போர்ட். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட், விதிப்படி தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900. தட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில்தான் டிஸ்குக்கு அதிக மின்சாரம் தேவை. மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்கப் போர்ட்டிலும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலும் செருகியிருந்தால், அதைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலும் பாருங்கள்.

பெரிய அளவு, அதாவது 3.5 அங்குல டிஸ்குகளுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க் உயிரே இல்லாமல் கிடந்தால் பழுது அடாப்டரில் இருக்கலாம். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது மிக அவசியம். முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் மின்சுற்றுப் பலகை ஒரு நொடியில் புகைந்துவிடும்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில், ஸ்டார்ட் பொத்தானை மவுஸின் வலப்பக்கத்தால் அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். பார்ப்பது மட்டுமே, எதையும் அழுத்தக் கூடாது. அங்கே ஐந்து நிலைகளில் ஒன்றைக் காணலாம்.

1. டிஸ்க் அங்கே சரியாக இருக்கிறது, ஆனால் ஈ, எஃப் போன்ற எழுத்து ஒன்றும் அதற்கு இல்லை. இது கோளாறே அல்ல. ஓர் எழுத்தை ஒதுக்கிக் கொடுத்தால் பைல்கள் தெரியும்.

2. டிஸ்கின் அளவு சரியாகத் தெரிகிறது, ஆனால் 'ரா' என்று எழுதியிருக்கிறது. விண்டோஸால் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்பது இதன் பொருள். பார்மட் செய்யவா என்ற கேள்வி வருவது இந்த நிலையில்தான்.

3. 'அன்அலகேட்டட்' என்று கறுப்புக் கோட்டுடன் காட்டுகிறது. பார்ட்டிஷன் விவரம் எழுதப்பட்ட முதல் பக்கம் போய்விட்டது.

4. 'நாட் இனிஷியலைஸ்டு' என்று சொல்லி, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கிறது. அளவும் சரியாகத் தெரியாவிட்டால் மின்சுற்றிலோ தலையிலோ பழுது இருக்க வாய்ப்பு அதிகம். கேள்விக்குக் 'கேன்சல்' கொடுத்து வெளியே வாருங்கள்.

5. டிஸ்க் பட்டியலிலேயே இல்லை. கேபிள், மின்சாரம், மின்சுற்றுப் பலகை என்ற வரிசையில் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றில் பார்மட், இனிஷியலைஸ் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம் பதில் எப்போதும் 'வேண்டாம்' என்பதே. விண்டோஸ் நம் நன்மைக்காகத்தான் கேட்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது கேட்பதன் உண்மைப் பொருள்: 'என்னால் இந்தப் பேரேட்டைப் படிக்க முடியவில்லை, புதுப் பேரேடு போட்டு, எல்லா அலமாரியும் காலி என்று எழுதிவிடட்டுமா?' என்பதுதான். யாராவது ஏற்கெனவே 'குயிக் பார்மட்' செய்திருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். அது பேரேட்டை மாத்திரமே மாற்றும். புத்தகங்கள் பெரும்பாலும் தங்கும். ஆனால் குயிக் அல்லாத முழு பார்மட், 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும். அதற்குப் பிறகு மீட்பதற்கு ஒன்றுமில்லை.

நோயே இல்லாத நோயாளிகள்

பார்மட் கேள்வி கேட்கும் எல்லா டிஸ்கும் பழுதானதல்ல. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன், பேரனின் படங்களை நிரப்பி ஒரு டிஸ்க் அனுப்புகிறான். நம் வீட்டு விண்டோஸில் செருகினால் பார்மட் செய்யவா என்கிறது. மகன் வைத்திருப்பது ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர். அதன் பேரேட்டு முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஒரு மேக் கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் அப்படியே தெரியும். ஆகவே பார்மட் கேள்வி வந்ததும், 'இது கடைசியாக எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்தது?' என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு வகைக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்த எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்து அனுப்பும்படி மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

டிவியிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள சில டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும், டிஸ்கைச் செருகியதும் அதைத் தம் முறைக்கு மாற்ற அனுமதி கேட்கும். ரிமோட்டில் குழந்தை 'ஓகே' அழுத்தினால் போதும், பேரேடு போயிற்று.

டிஸ்க் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ கேட்கும். இது பழுதல்ல, பூட்டு. அலுவலகக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய டிஸ்குகளில் இதைக் காணலாம். அந்த 48 இலக்கங்களை எங்கே எழுதி வைத்தோம் என்று தேடுவதே வழி.

உடல்நிலை அறிக்கை

டிஸ்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்கின்றன. இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீண்ட பட்டியலில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். 5-ஆம் எண்: கெட்டுப்போனதால் கைவிட்டு மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள். 197: படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள். 199: கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள். சில மென்பொருள்கள் இவற்றை 05, சி5, சி7 என்று எழுதும்.

முதல் இரண்டும் பூஜ்யமாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் பேரேட்டில்தான். 197-இல் எண் ஏறிக்கொண்டே போனால் கரையான் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அப்போது டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் விலையுயர்ந்தது. 199 மட்டும் அதிகம் என்றால் கேபிளை மாற்றுங்கள்.

முதலில் நகல், பிறகே சிகிச்சை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருப்பது ஒரே பிரதி. அதன்மீது எந்த வைத்தியத்தையும் செய்து பார்க்கக் கூடாது. முதலில் நகல் எடுத்து, வைத்தியத்தை நகலின்மேல் செய்ய வேண்டும்.

விண்டோஸில் 'செக் டிஸ்க்' என்றொரு கட்டளை உண்டு. உடனே அதை ஓட்டிப் பார்க்கும்படிதான் பலரும் ஆலோசனை சொல்வார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள டிஸ்கில் சிறு பிழை ஏற்பட்டால் அது பயன்படும். ஆனால் அதன் நோக்கம் பேரேட்டை ஒழுங்குபடுத்துவதே தவிர, நம் பைல்களைக் காப்பாற்றுவதல்ல. பொருந்தாத பதிவுகளை அது அடித்துத் திருத்தி எழுதிவிடும். கெட்ட பகுதிகள் உள்ள டிஸ்கில் அதை ஓட்டினால், நலிந்த தலை மணிக்கணக்கில் ஓடி முழுவதும் விழுந்துவிடவும் கூடும்.

டிஸ்க் எப்போதாவது ஒருமுறை திறந்துவிட்டால், அந்த வாய்ப்பைச் சினிமாப் படங்களை நகல் எடுப்பதில் வீணாக்காதீர்கள். மறுபடி கிடைக்காதது எதுவோ அதை முதலில் எடுங்கள்.

திறக்கவே இல்லை, ஆனால் டிஸ்க் மேனேஜ்மெண்டில் அளவு சரியாகத் தெரிகிறது என்றால், டிஸ்கை ஓரம் விடாமல் அப்படியே பிரதி எடுக்கலாம். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. சாதாரண நகலெடுப்பு கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்று முட்டும். டிடிரெஸ்க்யூவோ நல்ல இடங்களை எல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். மின்சாரம் நின்றுபோனாலும், அந்தக் குறிப்பைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கு அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். ஆரோக்கியமான 1 டெராபைட் டிஸ்கை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எடுக்க மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நோயுற்ற டிஸ்குக்கு நாள்கணக்கிலும் ஆகலாம். எது மூலம், எது நகல் என்று கட்டளையில் மாற்றி எழுதிவிட்டால் காலி டிஸ்க் மூலத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே லினக்ஸ் பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

நகல் கைக்கு வந்ததும் மூல டிஸ்கைப் பீரோவில் வைத்துவிடுங்கள். இனி எல்லாம் நகலில். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும். என்டிஎஃப்எஸ் முறையில் முதல் பக்கத்துக்கு ஒரு மாற்றுப் பிரதி பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கிறது. அதைக் கொண்டு சீர்செய்யவும் அதனால் இயலும். அதுவும் பலிக்காவிட்டால் அதனுடனேயே வரும் போட்டோரெக் உண்டு. இது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வோர் அலமாரியாகச் சென்று, 'இது படம் தொடங்கும் அடையாளம், இது பாட்டு தொடங்கும் அடையாளம்' என்று புத்தகங்களைப் பொறுக்கி எடுக்கும். ஆனால் பைல்களின் பெயரும் போல்டரும் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு வந்து நிற்கும். ஆயினும் டிஜிட்டல் கேமரா எடுத்த படங்களுக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருப்பதால், ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். மீட்கும் பைல்களை மூன்றாவது ஓர் இடத்தில் சேமிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு மாமியின் டிஸ்க்

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் இருக்கும் மாமி ஒருவரின் மருமகன் 500 ஜிகாபைட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். பேரனின் ஆண்டுநிறைவு 2004-இல் நடந்தபோது சிறிய வீடியோ கேசட்டில் எடுத்த படம் அதில் இருந்தது. கேசட்டிலிருந்து டிஸ்குக்கு மாற்றிய பிறகு, வீடு மாறும்போது கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் மாமியின் கணவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார். அவர் இப்போது இல்லை. அவர் குரல் பதிவான இடம் வேறு எதுவும் கிடையாது.

கடைத்தெருவில் ஒரு கடையில் காட்டியபோது, 'பார்மட் செய்து தருகிறோம், டிஸ்க் புதிது போல் ஆகிவிடும்' என்றார்களாம். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. டிஸ்க் புதிது போலத்தான் ஆகியிருக்கும். மாமிக்கு வேண்டியது டிஸ்க் அல்ல என்பதை அவர்கள் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. மாமி போனில் என்னிடம் சொன்னது இதுதான்: "படம் போனாலும் போகட்டும்ப்பா, அவர் குரல் இருக்கான்னு மட்டும் பாரு."

டிஸ்கில் டிக் டிக் சத்தம் இல்லை. அளவு சரியாகத் தெரிந்தது. 'ரா' என்று காட்டியது. உடல்நிலை அறிக்கையில் 197-ஆம் எண் பூஜ்யமாக இல்லை. ஆகவே வேறு எதையும் தொடாமல் டிடிரெஸ்க்யூவை ஓட விட்டேன். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. மீதமிருந்த கெட்ட இடங்களோடு அது இரண்டு இரவுகள் மல்லுக்கட்டியது. பிறகு நகலில் டெஸ்ட்டிஸ்கை ஓட்டியதும் போல்டர்கள் பழைய பெயர்களுடனேயே வந்தன. அந்த வகைக் கேசட் படம் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் பிடிப்பது. அவ்வளவு பெரிய பைலில் ஒரேயோர் இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பாட்டு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அந்த ஒரு கணத்தை மீட்க முடியவில்லை. மற்றதெல்லாம் மாமியிடம் போய்ச் சேர்ந்தது. இம்முறை இரண்டு டிஸ்குகளில்.

தமிழ்ப் பைல்களுக்கு ஒரு குறிப்பு

மீட்டெடுத்த பழைய தமிழ்க் கடிதங்களையும் சங்க மலர்களையும் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை போலத் தெரிவதுண்டு. 'பைல் கெட்டுப்போய்விட்டது' என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, திஸ்கி, 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். அந்தந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் நல்ல பைலும் குப்பையாகவே தெரியும். எழுத்துருவைச் சேர்த்தாலோ, இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றினாலோ முத்து முத்தாகத் தமிழ் வரும்.

செய்யவே கூடாதவை

டிஸ்கை ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற வைத்தியம் வெகுநாளாக உலவுகிறது. வெளியே எடுத்ததும் ஈரம் உள்ளே படியும். மும்பைக் காற்றில் கேட்கவே வேண்டாம். தட்டிப் பார்ப்பது, குலுக்குவது கூடாது. தட்டுகள் உள்ள உலோக மூடியைத் திறக்கவே கூடாது. பரிசோதனைக் கூடங்கள் அதைத் தூசி வடிகட்டிய தனி அறையில்தான் திறக்கின்றன. அதே மாடல் டிஸ்கின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிப் பொருத்தும் பழைய உபாயமும் இப்போது எளிதில் பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சில்லில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன.

வெளிக்கூட்டைக் கழற்றி டிஸ்கை நேரே கம்ப்யூட்டரில் பொருத்துவதும் எல்லா வகைக்கும் ஏற்றதல்ல. சிலவற்றில் யுஎஸ்பி வாய் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கூட்டிலுள்ள சில்தான் தகவலைப் பூட்டித் திறக்கிறது. கூட்டை நீக்கினால் வெறும் புதிர்தான் மிஞ்சும்.

தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகையில் சத்தத்தை வைத்து நோயை அறிய முடியாது. அவை முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுபோகவும் கூடும்.

கடையில் கேட்க வேண்டியவை

டிக் டிக் சத்தம், சுழலாத தட்டு ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. லேமிங்டன் சாலையோ, டில்லி நேரு பிளேஸோ, பெங்களூர் எஸ்.பி. சாலையோ, எங்கே கொண்டுபோனாலும் முதல் வாக்கியமாக, 'எனக்கு டிஸ்க் முக்கியமல்ல, உள்ளே இருப்பதுதான் முக்கியம்' என்று சொல்லுங்கள். பார்மட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். திறந்து பார்க்கும் வசதி அவர்களிடமே உள்ளதா, வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா, எதுவும் மீளாவிட்டால் கட்டணம் உண்டா, மூல டிஸ்க் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். வாரண்டி இருக்கிறதே என்று நிறுவனத்துக்கு அனுப்பும் முன்னும் யோசியுங்கள். வாரண்டி மாற்று டிஸ்குக்குத்தான். உள்ளே இருந்த படங்களுக்கு அல்ல.

வெள்ளம் வருமுன் அணை

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ஓர் எளிய கணக்கு உண்டு: 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இந்தக் கடைசி விதி வெகு சுலபம். ஒரு பிரதி மும்பையில், ஒன்று ஊரில் தம்பி வீட்டில். அடுத்த முறை தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ரயில் ஏறும்போது ஒரு டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, சென்ற ஆண்டு கொடுத்ததை வாங்கி வந்தால் போதும். மூன்றாவது பிரதியை இணையச் சேமிப்பில் வைக்கலாம். குறைந்தபட்சம், ஈடு இல்லாத சில படங்களையும் குரல்களையுமாவது அங்கே ஏற்றிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை டிஸ்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். ஓடும்போது நகர்த்தாதீர்கள். நகல் நடந்துகொண்டிருக்கையில் பிடுங்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, பழைய போல்டர்களில் நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவில் இருக்கும் டிஸ்கை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளவற்றுள் வேறெங்கும் இல்லாதது எது என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இருப்பவற்றுக்கு இரண்டாவது பிரதி எடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். டிஸ்க் எதுவானாலும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அன்றைக்கு அது வெறும் பெட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும்.